துவைக்கும் அறைக் கணினியைக் கெடுத்தது நான்தான்

அன்புள்ள மார்கிட் அக்காவுக்கு,

ஹெர்னோசாண்டிலிருந்து தம்பி ஹில்டிங் எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். உன் நலமும் அத்தானின் நலமும் அறிய ஆவல். வரும் சனிக்கிழமை மதிய பஸ்ஸில் உமேயோவுக்கு வந்து, உன் வீட்டு மாடி அறையில் இலையுதிர் காலம் வரை இருந்துகொள்ளலாமா? ஏன் என்று கேட்பாய். சொல்லவே கூசுகிறது.

எங்கள் கட்டிடத்துக் கீழறையில் இருபத்திரண்டு வீட்டுக்கும் பொதுவான துவைக்கும் அறை இருக்கிறதல்லவா, அதன் கதவுக்கு வெளியே ஒரு கிழட்டுக் கணினி நிற்கிறது. அதில் பதிந்தால்தான் முறை கிடைக்கும், கதவும் திறக்கும். அது முக்கி முனகி ஓடுகிறதே என்று, குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற மிதப்பில், யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டேன். வேகம் வந்தது, இணையம் போய்விட்டது. நெட்வொர்க் கார்டுக்கான டிரைவரும் சேர்ந்து அழிந்திருக்கிறது. அந்தச் சின்னக் கோப்பு இல்லாவிட்டால் தனக்குள் அப்படி ஒரு கார்டு இருப்பதே கணினிக்குத் தெரியாதாம். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும். நூலகத்துக்குப் போய் ஏழு டிரைவர் இறக்கி வந்தேன், ஏழும் வேறு யார் வீட்டுக் கார்டுக்கோ உரியவை.

மூன்றாம் நாள் எல்லோரும் முறைக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். முதல் மாடி குன்வோரை உனக்குத் தெரியாது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சை எடுக்காமல் அப்படியே விட்டுப் போகிறவள் என்று எனக்கு ஒரு வருஷமாக அவள்மேல் கடுப்பு. கணினிக்குப் பின்னால் அவள் பெருக்கியதைப் பார்த்திருந்தேன். உடனே கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: “துடைப்பத்தால் கேபிளை இழுத்த முதல் மாடி அம்மையாரால்தான் இந்த நிலை.” இங்கே வழக்கப்படி கீழே பெயர் போடவில்லை. பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன் அக்கா.

மறுநாள் அதன் அடியில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: “கேபிள் சரியாத்தான் இருக்கு. யாரோ சிஸ்டத்தை மாத்தியிருக்காங்க. கருவிப் பட்டியல்ல இருக்கிற மஞ்சள் கேள்விக்குறியைத் தொறந்தா உள்ள ஒரு எண் இருக்கும், அதுதான் கார்டோட ஊரு பேரு. எழுதி ஒட்டுங்க, டிரைவர் தேடித் தர்றேன்.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண்ணை எழுதி ஒட்டினேன். அதோடு வாயை, அதாவது கையை, மூடிக்கொண்டிருக்கலாம். “மாற்றியதும் அந்த அம்மையாராகவே இருக்கும், அவருக்கு எதிலும் பொறுப்புக் கிடையாது” என்று இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தேன்.

இன்று காலை பதில் இருந்தது: “டிரைவர் கெடைச்சிருச்சு. முதல் மாடி, இடது கை வீடு.”

படியேறினேன். குன்வோர்தான் கதவைத் திறந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றினால் வலது சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. உட்காரவைத்து, காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, பென்டிரைவை மேசையில் வைத்தாள்.

“உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா ஹில்டிங்? ஒம்பது வருஷமா உங்க நோட்டீஸத்தானே படிக்கிறேன்.”

“அப்புறம் ஏன் எனக்கு உதவி பண்ணீங்க?”

“எனக்குத் துவைக்கணும்ல.”

மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, ரொட்டியோடு உள்ளே போய்விட்டது. கீழே வந்து டிரைவரைப் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் இணையம் வந்தது, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன். இப்படிப்பட்டவன் இந்த மாடிப்படியில் இனி எந்த மூஞ்சியோடு ஏறி இறங்குவது? தலைவர் பதவியை விட்டுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் தம்பி,
ஹில்டிங்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பினால் என் கதவிலும் ஒரு தாள். “வியாழன் காலை ஏழு மணி எனக்கு முறை. விரிப்பை இழுத்து மடிக்க இன்னொரு ஆள் வேணும், வாங்க. குன்வோர்.” ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும், ஓடவும் முடியாது. அப்போது கேட்டுவிடுகிறேன், மன்னிப்பு. சனிக்கிழமை நான் வரவில்லை அக்கா.