கம்பிக்குள்ளால் போன கூழ்

திருக்கை நிறுக்கிற தராசில் என்னைத் தொங்கவிட்டு நிறை பார்த்த காலையில் குருநகர்க் கரையில் நின்றவர்கள்: ஐயா, அம்மா, அக்காவின் கணவர் சூசை அத்தான், மீன் ஏலம் கூறுகிற மரியாம்பிள்ளை அண்ணை, மீன் வாங்க வந்த சனம், கரைக் காகங்கள். நிற்காதவர்கள் இருவர். ஒருவர், என் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்ட பல் டொக்டர். மற்றவள் அக்கா. "என்ரை தம்பியை மீன் மாதிரித் தூக்கிறதை என்னாலை பார்க்கேலாது" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். (பார்க்காமல் விட்டேனே என்று இன்று வரை கவலைப்படுகிறாள்.)

நான் ஏன் தராசில் தொங்கினேன் என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஐயா கையெழுத்துப் போடுவார், அதுவும் மனம் வந்தால். ஆகவே நான் புத்தகத்தைத் திறந்தாலே வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். "படிக்கிற பிள்ளை" என்று மீன்தலை எனக்கு. "மூளைக்கு நல்லது" என்று இறால் எனக்கு. "கண்ணுக்கு நல்லது" என்று சினை எனக்கு. நான் ஒவ்வொரு பரீட்சையாகத் தேறத்தேற என் உடம்பும் அடுத்த வகுப்புக்கு ஏறியது. உயர்தரம் தேறியபோது ஏறத்தாழ இரண்டு அந்தர் இருந்தேன். (ஒரு அந்தர் நூற்றிப் பன்னிரண்டு இறாத்தல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது.) ஊர்ப் பெடியள் எனக்கு வைத்த பெயர் பீப்பா. ஐயாவின் வள்ளத்தில் நான் ஒரு பக்கம் இருந்தால், மறுபக்கம் இரண்டு பேர் இருக்கவேண்டும். பிறகு வலை இழுக்க ஆள் இல்லை.

அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சையும் தேறினேன். அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்தாள். எஞ்சியிருந்தது வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான். அந்த வைத்தியர் என்னை நிறுத்துப் பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு பேனையை மூடி வைத்தார்.

"உம்மடை மூளையை அரசாங்கம் எடுக்கும், தம்பி. உடம்பை எடுக்காது. கால் அந்தராவது குறைச்சுக்கொண்டு மூண்டு மாதத்தாலை வாரும். இல்லாட்டி உம்மடை இடத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிடுவினம்."

எங்கள் பரம்பரையில் கடலுக்குப் போகாமல் சம்பளம் எடுக்கப்போகிற முதல் ஆள், ஒரு கால் அந்தரில் தடக்கி நிற்கிறான். நான் அடுத்த நாளே சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். மத்தியானம் ஒரு பாதி சாப்பிட்டேன். பின்னேரம் மற்றப் பாதியைச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் சூசை அத்தானின் முகம் எனக்கு ஞானம் தந்தது. சில காலத்துக்கு முன்பு, வள்ளத்து என்ஜினின் கைப்பிடி திருப்பி அடித்து அவருக்குத் தாடை முறிந்தது. ஆஸ்பத்திரியில் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், வைத்திருந்தார்கள். போகும்போது பாரை மீன் மாதிரிப் போன மனிசன், வரும்போது நெத்தலி மாதிரி வந்தார். நான் படித்தவன் அல்லவா, காரணத்தையும் விளைவையும் உடனே பொருத்திவிட்டேன். கம்பி மெலிய வைக்கும். அதற்குத் தாடை முறிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அத்தானைக் கட்டிய அதே பல் டொக்டரிடம் போனேன். இங்கிலாந்தில் படித்து வந்த இளம் மனிதர்.

"எது முறிஞ்சது?" என்றார்.

"ஒண்டும் முறியேல்லை, டொக்டர். முறியாமலே கட்டவேணும்."

சிரித்தார். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "வெளிநாட்டிலை இப்ப உப்பிடிச் செய்து பார்க்கினம்தான். நான் செய்ததில்லை."

"நானும் செய்விச்சதில்லை" என்றேன், அவருக்குத் தைரியம் கொடுப்பதுபோல.

நாலு தரம் திருப்பி அனுப்பினார். ஐந்தாம் தரம், வேலைக் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். இளகிவிட்டார். "கட்டிறது நான். சாப்பிடாமல் இருக்கிறது நீர். தண்ணிச் சாப்பாடு மட்டும், விளங்குதே? இந்தா, கம்பி வெட்டிற குறடு. இது எந்த நேரமும் உம்மோடை இருக்கவேணும். சத்தி வந்தால், குடிச்சது திரும்பி மேலை வந்தால், உடனே வெட்டவேணும், இல்லாட்டி மூச்சடைச்சுப் போடும்."

பல்லடி முரசில் ஊசி போட்டு, பல்லுக்குப் பல் கம்பி சுற்றி, மேலும் கீழும் இழுத்து முறுக்கினார். பூட்டிய படலை மாதிரி வீட்டுக்கு வந்தேன். கண்டதும் அம்மா குழறினாள். குறட்டை அந்தோனியார் சுருவத்துக்கு முன் வைத்து மன்றாடி, ஒரு நூலில் கோத்து என் கழுத்தில் கட்டிவிட்டாள். அயலுக்குள் ஒரு மனுசி, "என்ன நேர்த்திக்கு உப்பிடி?" என்று கேட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனது.

கண்ணைத் துடைத்த அம்மா கேட்டாள்:

"டொக்டர் என்ன குடிக்கச் சொன்னவர், தம்பி?"

பல்லை அசைக்காமல் சொன்னேன்: "தண்ணியா இருக்கிற எதுவும் குடிக்கலாம்."

அம்மாவின் முகம் மெல்ல வெளித்தது. "அப்ப, கூழ்?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கூழைச் சாப்பாட்டுக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. பனையோலைப் பிளாவில் மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்கு இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை" என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். ஆனாலும் நான் அவசரப்பட்டு ஓம் என்று சொல்லிவிடவில்லை. விஞ்ஞானம் படித்தவன். திரவம் என்பது தான் இருக்கும் பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறேன். அம்மாவைக் கொண்டு கூழைச் சட்டியில் வார்ப்பித்தேன், அது சட்டியின் வடிவத்தை எடுத்தது. பிளாவில் வார்ப்பித்தேன், பிளாவின் வடிவத்தை எடுத்தது. சந்தேகமேயில்லை.

"கூழ் திரவம்தான், அம்மா" என்று தீர்ப்புக் கூறினேன்.

அதற்குப் பிறகு அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. பனங்கிழங்கு ஒடியல் மா, நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில். கோது, முள் எல்லாம் எடுத்துவிட்டு, எஞ்சியதை உரலில் இடித்து, துணியில் போட்டுப் பிழிந்து, மறுபடியும் கூழுக்குள் சேர்த்தாள். அக்கா பப்பாசி இலைத் தண்டை வெட்டிக் குழாய் செய்து தந்தாள். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன நீக்கல் இருந்தது. ஒரு முழுக் கடலும் அந்த நீக்கலுக்குள்ளால் எனக்குள் போனது. காலை ஒரு பானை, இரவு ஒரு பானை. "பிள்ளை பட்டினி" என்று இடையிலும் கொஞ்சம்.

மெலிகிறேன் என்று நான் முழுதாக நம்பினேன். வாயே திறக்காதவன் எப்படி மெலியாமல் இருப்பான்? சேட்டு இறுகியது.

"தோய்ச்சுச் சுருங்கிட்டுது" என்றாள் அக்கா.

இடுப்பில் கட்டிய சாரம் நிற்கவில்லை. "பாத்தியே, இடுப்புக் கரைஞ்சிட்டுது" என்றாள் அம்மா.

ஐந்தாம் கிழமை ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தராசில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "கரையிலை நிறுத்துப் பாப்பம். அந்தத் தராசு பொய் சொல்லாது" என்றார். பெரிய திருக்கை, சுறா நிறுக்கிற கொளுவித் தராசு அது. அதில் ஆள் இருக்க இடமில்லை. ஆகவே பழுதில்லாத ஒரு நைலோன் வலையை மடித்து, என்னை அதற்குள் இருத்தி, முழங்கால் நாடியில் முட்ட, வலையின் வாயைச் சேர்த்துக் கொளுவியில் மாட்டினார்கள். வெளிக்கிட முன்பு, "நிறுக்கேக்கை களைச்சுப் போவாய்" என்று அம்மா ஒரு செம்புக் கூழ் தந்திருந்தாள்.

நாலு பேர் தூக்கினார்கள். மரியாம்பிள்ளை அண்ணை குனிந்து பார்த்தார். அவர் நல்ல மனிசன்தான், ஆனால் நிறையைக் கண்டால் சத்தம் போட்டுப் பழகிய வாய் அது.

"இரண்டு அந்தர் ஆறு இறாத்தல்! ஆர் கேக்கிறது?"

கரை முழுக்கச் சிரித்தது. கூடையோடு நின்ற ஒரு மனுசி, "தலை வேண்டாம், நடுமுறி எண்டால் எடுக்கிறன்" என்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் அந்தர் குறைக்கப் போனவன் கூடியிருக்கிறேன். வலைக் கண்ணுக்குள்ளால் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தராசைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்று அவருக்கும் விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கயிறு முறுக்கு அவிழத் தொடங்கியது. நான் சுற்றினேன். கரை, கடல், காகம், கரை, கடல், காகம். வயிற்றுக்குள் அந்தச் செம்புக் கூழும் சுற்றியது. தொண்டை வரை ஏதோ ஏறி வந்தது. டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்ததும் எனக்கு உயிர் போனது. கை இரண்டும் வலைக்குள் சிக்கி, குறடு நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவில். "ம்ம்! ம்ம்ம்!" என்று கத்தினேன்.

அங்கே நின்றவர்களில் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்தவர் அத்தான் ஒருவர்தான். "சத்தி வருகுது! கம்பியை வெட்டவேணும்!" என்று பாய்ந்து வந்தார். யாரோ ஒருவன் வலையை அறுக்க மீன்வெட்டும் கத்தியோடு ஓடிவந்தான். உடனே ஐயா குறுக்கே விழுந்தார்:

"டேய், வலையை வெட்டாதை! வாயை வெட்டு!"

(இதைப் பற்றி அம்மா ஐயாவோடு பல நாள் கதைக்கவில்லை.)

அத்தான் வலைக் கண்ணுக்குள்ளால் கைவிட்டு, குறட்டைப் பிடுங்கி, சுற்றிக்கொண்டிருந்த என்னை ஒரு கையால் நிறுத்தி, டக் டக்கென்று கம்பிகளை வெட்டினார். சனம் விலகி இடம் விட்டது. அம்மா அந்தோனியாரைக் கூப்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

ஒரு ஏவறை, வெறும் ஏப்பம், வந்தது. அவ்வளவுதான். நீளமான, நண்டு மணக்கிற ஏவறை.

அடுத்த நாள் டொக்டர் அறுந்த கம்பிகளைக் கழற்றிக்கொண்டே, "அப்பிடி என்னதான் குடிச்சனீர்?" என்று கேட்டார். கூட வந்த அம்மா பெருமையோடு பானையில் முதலில் போடுவதிலிருந்து கடைசியில் விடுகிற புளி வரை ஒன்றும் விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க டொக்டரின் கை நின்றுவிட்டது. ஒரு தரம் எச்சில் விழுங்கினார்.

"அம்மா, உதிலை ஒரு பிளா குடிச்சால் நான் பின்னேரம் வரைக்கும் எழும்பமாட்டன். இவருக்கு இரண்டு பானை!"

"கூழ் தண்ணிதானே, டொக்டர்?"

"உங்கடை மகனுக்கு இனிக் கம்பி கட்டமாட்டன்" என்றார். "அவருக்குக் கம்பி தேவையில்லை. உங்கடை பானைக்குத்தான் தேவை."

அம்மா வழி முழுக்க முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ரை கூழாலையோ பிள்ளைக்கு வேலை போகுது?" அன்றைக்கே கூழ்ப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். ரோசக்காரி. பிறகு வெறும் அரிசிக் கஞ்சி, கொஞ்சம் அவித்த மீன், அவ்வளவுதான்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கம்பி போன பிறகும் வாய் திறக்க மறுத்தது. ஐந்து கிழமை பூட்டிக் கிடந்த தாடை துருப்பிடித்த கதவு மாதிரி இறுகியிருந்தது. ஒரு விரல்தான் நுழையும். டொக்டர் தட்டையான மரச் சிம்புகள் தந்தார். பல்லுக்கிடையில் ஒவ்வொன்றாகக் கூட்டி வைத்துக்கொண்டு முற்றத்தில் இருக்கவேண்டும். முரசு நோ வேறு. ஒரு பிடி புட்டு உள்ளே போய் முடிய ஞாயிறு பூசை முடிகிற நேரம் எடுக்கும். பாதிக் கோப்பையில் தாடை களைத்துவிடும். தாடை களைத்தால் பசியும் களைத்துவிடும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஐயா காலையில் வந்து காலில் தட்டி, "வாயைத் திறக்க ஏலாட்டிக் கையை ஆட்டு, வா" என்று வள்ளம் இழுக்கக் கூட்டிப் போனார். வலையைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. ஆனால் வள்ளத்தை இழுக்கும்போது என் பக்கத்தில்தான் நின்று இழுத்தார்.

கம்பி செய்யாததை, கம்பியிலிருந்து சுகமாவது செய்தது. மூன்று மாதத் தவணை வந்தபோது எனக்கு முகத்தில் தாடை எலும்பு இருப்பதை முதல் தரம் கண்ணாடியில் கண்டேன். அதே வைத்தியர் என்னை நிறுத்தார். தராசை ஒரு தரம் தட்டிப் பார்த்து, மறுபடி நிறுத்தார். கால் அந்தருக்கு மேலேயே குறைந்திருந்தது.

"எப்பிடிக் குறைச்சனீர்?"

"வாயைத் திறக்க ஏலாமல் போச்சு, சேர்."

"உந்த வருத்தம் எல்லாருக்கும் வந்தால் நல்லது" என்று சொல்லி ஒப்பம் வைத்தார்.

முதல் மாதச் சம்பளம் முந்நூற்றிச் சொச்ச ரூபாவைக் கொண்டுவந்து ஐயாவின் கையில் வைத்தேன். அம்மா அழுதாள். ஐயா எண்ணினார், கண் கலங்கத்தான் எண்ணினார். எண்ணி முடித்துச் சொன்னார்: "கூழ்ச் செலவுக்குக் காணாது." அன்றைக்கு வீட்டில் தொடங்கிய சிரிப்பு அது. இப்போதும் நான் மாதச் சம்பளத்தோடு ஊருக்குப் போனால் அத்தான், "மாமா, கூழ்க் கடன் முடிஞ்சுதோ?" என்று கேட்பார். "எங்கை முடிஞ்சது" என்பார் ஐயா. நிறுத்த வைத்தியரும் கட்டிய டொக்டரும் என்னிடம் ஒரு சதம் வாங்கவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி. ஆனால் அந்த ஐந்து கிழமையும் வள்ளத்திலிருந்து கரைக்குப் போகாமல் என் கடைவாய்க்குள்ளால் போன நண்டையும் இறாலையும் மரியாம்பிள்ளை அண்ணையைப் பக்கத்தில் இருத்தி ஏல விலைக்கு ஐயா கணக்குப் பார்த்திருக்கிறார். ஒடியல் மாவும் அம்மாவின் கைப்பாடும் சேர்க்காமல், எழுநூற்றி நாற்பது ரூபா.