முன்னேற்றம் தெரிந்ததும் வரவும்

அந்தக் கல்லூரிக்கு ஒரு நாள் மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்துச்சு. இனிமே சரித்திரம், இலக்கியம், சங்கீதம்னு எது படிச்சாலும் சரி, அடிப்படைக் கணக்கறிவுன்னு ஒரு பாடத்துல பாஸ் பண்ணாத்தான் பட்டம். சதவீதம், சராசரி, விகிதம், பேப்பர்ல வர்ற வரைபடத்தைப் பார்த்து அர்த்தம் சொல்றது, அவ்வளவுதான் பாடம். ஆனா கணக்குக்குப் பயந்து சரித்திரத்துக்குள்ள ஓடி ஒளிஞ்ச பிள்ளைங்களை, அங்கயே போய்க் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த கதையா ஆயிடுச்சு. முதல் பரீட்சையில பாதிப்பேர் அம்போ.

நிர்வாகம் ஆழ்ந்த கவலை கொண்டது. நிர்வாகம் கவலைப்பட்டா என்ன செய்யும்? பெயர்ப்பலகை செய்யும். 'கலைப்பிரிவு மாணாக்கர் அடிப்படைக் கணக்கறிவு ஆதரவு மற்றும் ஊக்குவிப்பு மையம்'னு எழுதிப் பலகை வந்து இறங்கினப்பதான், அது அறையை விட நீளம்னு தெரிஞ்சுது. 'ஊக்குவிப்பு மையம்'ங்கற பகுதி பக்கத்துக் கழிவறை வாசலுக்கு மேல போய் நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பசங்க கழிவறைக்குப் போறதுக்கு 'ஊக்குவிப்புக்குப் போயிட்டு வரேன்'னுதான் அனுமதி கேட்டாங்க.

மையத்துக்குப் பொறுப்பா கணக்கு மேடத்தைப் போட்டாங்க. மேடம் பல வருஷமா அங்க தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு வருஷமும் கோடை லீவுல வேலை போயிடும், காலேஜ் திறந்ததும் திரும்ப வந்துடும். வீட்டுல மாமியார் சொந்தக்காரங்ககிட்ட "மருமக காலேஜ்ல இருக்கா"ன்னு சத்தமாச் சொல்லிட்டு, "தற்காலிகமா"ங்கறதை மட்டும் மென்னு முழுங்கிடுவாங்க. இந்தத் தடவை பதிவாளர் மேடத்தைக் கூப்பிட்டு, மையம் நல்லா நடந்தா வேலை நிரந்தரம்னு வாய்விட்டே சொல்லிட்டார்.

மையம் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிபுணர் வந்து அறையைப் பார்வையிட்டார். கணக்குப் பயத்தைப் போக்கற முறைகள் இப்போ வெளிநாட்டுல எங்கயோ போயிடுச்சாம். சுவருக்கு இளநீலம் அடிக்கச் சொன்னார். பெஞ்சைத் தூக்கிட்டு, உக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டிய மூட்டை நாற்காலி போடச் சொன்னார். எண்ணைப் பார்த்தாலே பிள்ளைங்களுக்குப் பதற்றம் வருதுன்னு சொல்லி, சுவர்க் கடிகாரத்தைக் கழட்டிட்டுப் போனார். வகுப்பு எப்ப முடியும்னு அப்புறம் யாருக்கும் தெரியல. பதற்றம் இன்னும் கொஞ்சம் கூடிச்சு.

இத்தனையையும் தாண்டி மேடம் பாடம் நடத்தினாங்கங்கறதுதான் ஆச்சரியம். சரித்திரத்துலேர்ந்து ஒருத்தன் வருவான், தாடின்னு பேரு. பேச்சுல புலி, கணக்குல பூனை. சதவீதம்னாலே தலையைச் சொறிவான். ஒரு நாள் மெதுவாக் கேட்டான்.

"நூத்துக்கு நாப்பதுங்கறீங்களே மேடம், அந்த நூறு பேர் யாரு? நாங்க இருக்கறதே முப்பது பேர்தானே?"

மத்தவங்க சிரிச்சாங்க. மேடம் சிரிக்கல. கணக்குல கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான், எந்த சதவீதத்தைப் பார்த்தாலும் அந்த நூறு பேர் யாருன்னு கேளுன்னு சொன்னாங்க. அன்னைலேர்ந்து தாடி கேட்க ஆரம்பிச்சான். வாசல்ல 'நமது கல்லூரியில் தாமதமாக வருவோர் இரண்டு மடங்கு குறைந்துள்ளனர்'னு ஒட்டியிருந்ததைப் பார்த்துட்டு, ஒரு மடங்கு குறைஞ்சாலே ஆள் தீர்ந்துபோச்சே, இன்னொரு மடங்குக்கு ஆளை எங்கேர்ந்து கடன் வாங்கினாங்கன்னு கேட்டான். வகுப்பே உருண்டுச்சு. எழுந்திரிக்கத்தான் நேரம் ஆச்சு.

பருவத் தேர்வு முடிஞ்சுது. பதிவாளர் மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார். முகத்துல ஈ ஆடல.

"உங்க மையத்துக்கு வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் ஃபெயில். வராதவங்கள்ல இருபதுல ஒருத்தர்தான் ஃபெயில். இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"வந்தவங்க நல்லா முன்னேறியிருக்காங்க சார். முன்னாடி அவங்கள்ல ஒருத்தர்கூடப் பாஸ் இல்லையே."

"அது இல்ல மேடம். உங்க மையத்துக்கு வந்தா ஃபெயிலாகற வாய்ப்பு அதிகம்னு தெரியுது."

"சார், கணக்கு வராதவங்கதானே மையத்துக்கே வர்றாங்க."

பதிவாளர் நாற்காலியில முன்னாடி நகர்ந்தார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல? அவங்களை எதுக்கு உள்ள விடறீங்க?"

ஒரு உதாரணம் சொன்னா புரியும்னு மேடம் நினைச்சாங்க. உதாரணம் சொல்றது ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி.

"ஆஸ்பத்திரிக்குப் போறவங்கதான் சார் அதிகமா சாகறாங்க. அதுக்காக நோயாளிங்களை உள்ள விடக்கூடாதுன்னு சொல்லுவோமா?"

பதிவாளர் ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் பேனாவை எடுத்து அதைக் குறிச்சுக்கிட்டார். தன் மச்சினர் ஊர்லயே பெரிய ஆஸ்பத்திரியில நிர்வாகியா இருக்கார், அவருக்கும் இதே தலைவலிதான், இந்தக் கருத்து அவருக்கு ரொம்பப் பயன்படும்னு மனசாரப் பாராட்டினார்.

மறுவாரமே நடைமுறை மாறிச்சு. மையத்துல சேர நுழைவுத் தேர்வு. கணக்கு நல்லா வர்றவங்களுக்கு மட்டும் ஆதரவு. வராதவங்களுக்கு, 'முன்னேற்றம் தெரிந்ததும் வரவும்'. கேள்வித்தாளைத் தயாரிக்க வேண்டியவங்க கணக்கு மேடம். ஆட்சிக்குழு அடுத்த மாசம் கூடுது, உங்க ஃபைல் என் மேஜையிலதான் இருக்குன்னு பதிவாளர் ரொம்பப் பிரியமா ஞாபகப்படுத்தினார். மேடத்துக்கு மாமியார் மென்னு முழுங்கற வார்த்தை ஞாபகம் வந்துச்சு. தயாரிச்சாங்க.

தாடி நுழைவுத் தேர்வுல நூலிழையில தவறிட்டான். வாசல்ல வந்து நின்னான்.

"கணக்கு வரலைன்னுதானே மேடம் இங்க வர்றேன்?"

மேடம் அவன் முகத்தைப் பார்க்கல. பலகையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "முன்னேற்றம் தெரிஞ்சதும் வாப்பா."

சொல்லிட்டாங்களே தவிர, அன்னைக்குச் சாப்பாடு இறங்கல. மறுநாள் சாயங்காலம் மையத்தைப் பூட்டிட்டு, கட்டடத்துக்குப் பின்பக்க மாடிப்படியில போய் உக்காந்தாங்க. தாடியும் அவனை மாதிரி வெளியில நின்னதுகளும் ஒவ்வொண்ணா வந்து கீழ்ப்படியில உக்காந்துச்சுங்க. இளநீலச் சுவர் இல்ல, மூட்டை நாற்காலி இல்ல. கையில கிடைச்ச சுண்ணக்கட்டியால படி மேலயே எழுதினாங்க. பெருக்கற அம்மா வந்து திட்டினா எல்லாரும் ஒரு படி மேல ஏறிக்குவாங்க. நாப்பது சதவீதக் கணக்கு மொட்டை மாடிக்குப் பக்கத்துல போய்த்தான் முடிஞ்சுது.

வருஷக் கடைசியில மையத்துல நூத்துக்கு நூறு பாஸ். படிக்கட்டுப் பிள்ளைங்களும் அநேகமா எல்லாரும் பாஸ், தாடி உள்பட. அவங்க எல்லாரையும் 'ஆதரவு தேவைப்படாதோர்'ங்கற தலைப்புக்குக் கீழ போட்டாங்க. மையத்துக்குக் கேடயம் கிடைச்சுது. மேடத்துக்கு நிரந்தர உத்தரவு கிடைச்சுது. மாமியார் அன்னைக்கு ஃபோன்ல பேசினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

காலம் ஓடிச்சு. ஒரு நாள் மேடத்துக்குக் காய்ச்சல் வந்துச்சு. கஷாயம் குடிச்சாங்க, மாத்திரை போட்டாங்க, விடல. தலை கிறுகிறுக்க ஆட்டோ பிடிச்சு, ஊர்லயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. உள்ள பளபளன்னு இருந்துச்சு. இருமல் சத்தமே இல்ல. வரவேற்பு மேஜையில உக்காந்திருந்தவன் தாடியை எடுத்திருந்தான், ஆனா தாடிதான்.

"மேடம்! என்ன ஆச்சு, முகமெல்லாம் வாடிப்போயிருக்கு?"

"காய்ச்சல்ப்பா. டாக்டரைப் பார்க்கணும்."

அவன் தெர்மாமீட்டரைக் கொடுத்தான். திரும்ப வாங்கிப் பார்த்தான். ரெண்டாந்தடவையும் பார்த்தான். சொல்றதுக்கே கூச்சப்பட்டான்.

"உள்ள விட முடியாது மேடம். முன்னேற்றம் தெரிஞ்சதும் வாங்க."

"உடம்பு சரியில்லாமத்தானப்பா வர்றேன்."

"அதுதான் மேடம் சிக்கலே. பழைய கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. இங்க வந்தவங்கள்ல நிறையப் பேர் நோயாளிங்களா இருந்திருக்காங்க." சுவர்ல இருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினான். "இப்போ நூத்துக்கு நூறு குணம். உள்ள போனவங்க எல்லாரும் நடந்தே வெளிய வந்துட்டாங்க. சில பேர் ஓடியே வந்தாங்க."

மேடம் மேஜையைப் பிடிச்சுக்கிட்டே வரைபடத்தைப் பார்த்தாங்க. காய்ச்சல்லயும் பழக்கம் போகல.

"அந்த நூறு பேர் யாருப்பா?"

தாடி சிரிச்சான். "இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நான் அதைத்தான் கேட்டேன் மேடம். அன்னைலேர்ந்து என்னை வாசல்லயே உக்கார வெச்சுட்டாங்க." அக்கம்பக்கம் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு மாடிப்படி இருக்கு. ஒரு டாக்டரம்மா வந்து உக்காருவாங்க. தற்காலிகம்தான், ஆனா கெட்டிக்காரங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க."

மேடம் சுவரைப் பிடிச்சுக்கிட்டே பின்பக்கம் போனாங்க. படி நிறைய ஆளுங்க. ஊர்ல இருந்த இருமலெல்லாம் அங்கதான் இருந்துச்சு. கடைசிப் படியில ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுட்டு, முகத்தைக் கைக்குட்டையால மூடிட்டு உக்காந்திருந்தார். பார்த்தா, பதிவாளர்.

"சார், நீங்க எப்படி இங்க? உங்க மச்சினர்தானே நிர்வாகி?"

பதிவாளர் கைக்குட்டையை எடுக்காமலே மேல கண்ணைக் காட்டினார். "அவர் எனக்கு நாலு படி முன்னாடி இருக்கார்."

பதிவாளர் தொண்டையைச் செருமிட்டு, திட்டம் பிரமாதமா வேலை செய்யுது, மூல யோசனை மேடத்தோடதுதான்னு மச்சினர்கிட்ட அடிக்கடி சொல்லுவேன்னு முனகினார். ஆனா இங்க பார்த்ததை மட்டும் வெளிய சொல்ல வேண்டாம், புள்ளிவிவரம் கெட்டுடும்னும் கேட்டுக்கிட்டார்.

மேல நாலாவது படியில ஒருத்தர் கஷ்டப்பட்டுத் தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்"னு சொல்லிட்டு மேடம் படியில உக்காந்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் வந்து நின்னுட்டாங்க.