டெபாசிட் இழந்த விடை

கணக்கில் நான் புலி என்று நம்பிய ஒரே ஆள் நான்தான். அந்த நம்பிக்கையும் 2002-இல் ஒரு சனிக்கிழமை வரைதான் தாங்கியது.

அப்போதுதான் பி.எஸ்சி. கணிதம் முடித்திருந்தேன். "வேலை கெடைச்சா ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லன்னா தையிலயே முடிச்சிடுவேன்" என்றார் அப்பா. (மாப்பிள்ளை தயாராக இருந்தார். நான்தான் இல்லை.) பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஒரே இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் என்று மூன்று வழிகளிலும் போட்டு, எது சுலபம் என்று ஒப்பிட்டு அசத்துவது என் திட்டம். x² − 5x + 6 = 0. அரியலூரில் பஸ் ஏறியதிலிருந்து முணுமுணுத்ததில் பக்கத்து சீட் அக்காவுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

"எந்த வழியில போனாலும் விடை ஒண்ணுதான் பிள்ளைங்களா!" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சில் உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்த நடுக்கத்தில் +6-ஐ −6 என்று எழுதிவிட்டேன்.

காரணிப்படுத்தலை மனப்பாடமாகவே ஒப்பித்தேன்: 2, 3. வர்க்கப் பூர்த்தியைப் பலகையைப் பார்த்துப் போட்டேன்: 6, −1. சூத்திரம் காப்பாற்றும் என்று பாய்ந்தேன். பதற்றத்தில் கடைசியில் இரண்டால் வகுக்க மறந்து 12, −2.

மூன்று வழி, மூன்று விடை. வகுப்பே என்னைப் பார்த்தது. நான் செய்ததை உலகத்தில் எந்தக் கணக்கு டீச்சரும் செய்திருக்க மாட்டார்.

"எது சரின்னு நினைக்கிறீங்களோ அதுக்குக் கை தூக்குங்க" என்றேன்.

2, 3-க்குப் பதினான்கு ஓட்டு. 12, −2-க்கு நான்கு. 6, −1-க்கு ஒன்றே ஒன்று, டெபாசிட் காலி. 2, 3 வெற்றி பெற்றதாக நானே அறிவித்தேன்.

அந்த ஒற்றை ஓட்டுக்காரி எழுந்தாள். "டீச்சர், ரெண்டைப் போட்டுப் பாத்தா மைனஸ் பன்னெண்டு வருது. ஆறைப் போட்டாத்தான் பூஜ்ஜியம் வருது."

தை மாதம் கண்ணுக்குத் தெரிந்தது.

உரிமையாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு வேணாம்மா. நீங்க குடிமையியல் எடுங்க. தேர்தல் நல்லா நடத்துறீங்க."

ரெண்டு வருஷம் தப்பித்தேன்.

இன்றும் வீட்டில் "உப்புமாவா, தோசையா?" என்று வாய் தவறிக் கேட்டால் போதும், மகள் "ஓட்டெடுப்பாம்மா?" என்பாள். கைகள் உயரும், உப்புமா டெபாசிட் இழக்கும். சரியான விடை தோற்றுப் போவதை ஏற்கெனவே பார்த்தவள் நான். பேசாமல் உப்புமாவையே கிண்டிவிடுகிறேன்.