பிரேமனில் வேகாத பருப்பு

"அப்பா, ரெண்டு பாக்கெட்டும் வெள்ளையா இருக்கு. மேல எழுதியிருக்கறதெல்லாம் ஜெர்மன். எது கோதுமை, எது மைதா, பாத்துச் சொல்லுப்பா."

போன் திரையில் தென்றல் இரண்டு கைகளிலும் மாவுப் பொட்டலங்களைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மேல்படிப்புக்காக ஜெர்மனியில் பிரேமன் என்ற ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அரியலூர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அரங்கநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். இரண்டும் மாவு என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை.

சிமென்ட் ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். லாரி வளைவில் திரும்பும்போதே எவ்வளவு சுமை என்று சொல்லிவிடுவார். மளிகைக் கடை வாசலை மட்டும் மிதித்ததில்லை. அது மனைவி கமலவேணியின் இலாகா. அவள் தை மாதம் இறந்துபோனாள். மகளை விமானம் ஏற்றிவிடும்போது, எது தெரியவில்லை என்றாலும் அப்பாவிடம் கேள் என்று இவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இப்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"வலது கையில இருக்கறது கோதுமை," என்றார்.

மறுநாள் சாயங்காலம் தென்றல் கூப்பிட்டபோது, அந்த மாவில் சுட்ட சப்பாத்தி கல்லில் பசையாக ஒட்டிக்கொண்டதாகவும், வெறும் ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டுப் படுத்ததாகவும் சொன்னாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆச்சு என்றார் அரங்கநாதன். ஆனது பஸ் ஸ்டாண்ட் பன்னும் டீயும். கமலவேணி போனதிலிருந்து பெரும்பாலும் அதுதான் அவருடைய இரவுச் சாப்பாடு.

தான் சொன்ன ஒரு வார்த்தையால் பிள்ளை அரைப்பட்டினி கிடந்தது அவரை உறுத்தியது. இனி எதையும் தானே வாங்கி, செய்து, தின்று பார்த்துவிட்டுத்தான் சொல்வது என்று முடிவெடுத்தார்.

சாமிதுரையின் மளிகைக் கடையில் பையும் கையுமாக நின்றார். முறை வந்ததும் மாவு வேண்டும் என்றார். என்ன மாவு என்று கேட்டார் சாமிதுரை. அரங்கநாதன் அலமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எல்லா மாவும்," என்றார்.

முதல் சப்பாத்தி விசிறிமட்டை போல விறைத்துக்கொண்டது. மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லி மகளுக்குத் தெரிவித்தார். மகள் நன்றி சொல்லிவிட்டு, பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்றாள்.

பருப்பு என்று கேட்டு வாங்கி வந்தது கடலைப்பருப்பு. அதைக் குக்கரில் போட்டு, விசிலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. கேஸ்கட் போயிருக்கும் என்றார் சாமிதுரை. பாத்திரக் கடையில் புது கேஸ்கட் வாங்கினார். அது ஒரு சுற்றுப் பெரிது. அமுக்கித் திணித்து மூடினார். அடைப்பான் பிய்த்துக்கொண்டு, பருப்பு கூரைவரை எழும்பி மின்விசிறியில் அமர்ந்தது. அப்போது மின்சாரம் இல்லை. துடைக்க ஏணி தேடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் வந்தது. விசிறி சுழன்று, நாலு சுவருக்கும் பாரபட்சமில்லாமல் பருப்பைப் பங்கிட்டது.

அதன்பின் துவரம்பருப்புக்கு வந்தார். சாம்பாருக்குப் பெருங்காயம் போட வேண்டும் என்று கேள்விப்பட்டு, கட்டியை முழுதாகப் போட்டார். வாசம் தெருக்கோடி வரை போனது. தினம் ஒரு பை சாமான் போவதையும் இந்த வாசத்தையும் சேர்த்துப் பார்த்த தெரு, அரங்கநாதன் மெஸ் ஆரம்பித்துவிட்டார் என்று முடிவுகட்டியது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த வங்கி ஊழியர் ஒருவர் தூக்குவாளியோடு வந்து மாதச் சாப்பாடு கேட்டார். மெஸ் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காததால் கொஞ்சம் சாம்பார் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் வேறு தெரு வழியாக வங்கிக்குப் போனார்.

தென்றலின் சந்தேகங்களோ தீரவில்லை. ரசம் கசக்கிறது என்றாள். முருங்கைக்காய்க்குப் பதில் அங்கே எதைப் போடலாம் என்றாள். அரங்கநாதனும் விடவில்லை. மெல்ல மெல்ல சாம்பார் சாம்பாராகவே வந்தது.

ஒருநாள் அவள் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா வைக்குமே, அந்த வத்தக்குழம்பு... அது எப்படிப்பா?"

அரங்கநாதன் போனை வைத்துவிட்டு சாமிதுரையிடம் போனார். வத்தக்குழம்புக்குக் கமலவேணி என்னென்ன வாங்குவாள் என்று கேட்டார். சாமிதுரை எழுந்து உள்ளே போய், ஒரு டப்பாவைத் திறந்து எடுத்து வந்தார்.

"அக்கா இதுக்கு பழைய புளிதான் கேப்பாங்க, சார். மணத்தக்காளி வத்தல். கடைசியில துளி வெல்லம். உடையார்பாளையத்துல எங்கம்மா வூட்டுப் பழக்கம்னு சொல்வாங்க."

முதல் முறை தீய்ந்தது. இரண்டாம் முறை புளித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்றாம் முறை, குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதந்தபோது அரங்கநாதன் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வீடு பழைய வீடாக மணத்தது. தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார். கொஞ்ச நேரம் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கையைக் கழுவியதும் மகளைக் கூப்பிட்டார். எடுத்தவள் அவளோடு தங்கியிருக்கும் வெற்றிச்செல்வி, சிறுவாச்சூர்ப் பெண். தென்றல் துணி துவைக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். வத்தக்குழம்புப் பக்குவம் முழுவதையும் அரங்கநாதன் அவளிடமே நிதானமாகச் சொன்னார். முடித்துவிட்டு, ஒரு தகப்பனின் கவலையையும் சேர்த்துச் சொன்னார். அவளுக்கு ஒரு பருப்புகூட வேகவைக்கத் தெரியவில்லை, பாதி நாள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கிறாள், நீயாவது பக்கத்திலிருந்து கொஞ்சம் கற்றுக்கொடம்மா என்றார்.



"யாருக்கு, தென்றலுக்கா? இந்த வூட்ல ஆறு பேருக்கும் அவதான் அங்கிள் சமைக்கிறா. தினம் உங்ககிட்ட பேசி முடிச்சதும், 'எங்கப்பா இன்னைக்கு சாப்ட்டுடும்'னு சொல்லிட்டுத்தான் அடுப்பையே பத்தவைப்பா."