கயிற்றண்ணாச்சியின் மச்சான்

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு காப்பி குடிக்க வந்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் கயிற்றண்ணாச்சி ஒருவர்தான். வேறு யாரையாவது காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

அப்போது சண்டைக் காலம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு குளக்கரை ஊரில் நான் வாத்தியார். ஐப்பசி பிறந்தால் அங்கே வேட்டி காயாது, தீக்குச்சி பற்றாது. உப்பளத்து ஆட்கள் வேலையில்லாமல் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஜப்பான்காரனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அண்ணாச்சி வருவார். பின்னால் பத்து முழக் கயிறு சேற்றில் இழுபட்டு வரும்.

“கயித்த யாரு பிடிச்சிருக்கா அண்ணாச்சி?”

“மச்சான்தான்.”

மச்சான் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணாச்சி முன்பு முத்துக் குளித்தவர். முங்குகிறவனின் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தங்கச்சி தாலிக்காகவாவது நேரத்துக்கு இழுத்துவிடுவான் அல்லவா! மனைவி செபஸ்தியம்மாளின் ஒரே அண்ணன் காலராவில் போனதும், அவர் கடலை விட்டுவிட்டு எங்கள் குளத்தில் மடை திறக்க வந்தார். குளத்தடியில் மடையை அடைத்திருக்கும் கட்டையை முங்கிப் போய்ப் பிடுங்கும் வேலை. கயிற்று நுனியைக் கரையில் போட்டுவிட்டு முங்குவார். யாரும் தொடாத அந்தக் கயிறு விறைத்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. உபரித் தண்ணீர் மறுகாலில் வழிந்தோடியும் குளம் ஏறிக்கொண்டே வந்தது. மடை திறக்காவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழேதான் மொத்த ஊரும். அண்ணாச்சியோ கயிற்றை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான் விட்டுட்டுப் போயிட்டான். காலையில இழுத்துப் பாத்தேன், தொளதொளன்னு வருது. நான் முங்க மாட்டேன்.”

கிராம முன்சீப்புக்கு அந்த மழையிலும் வியர்த்தது. “ஏலே, எம் மவன் பிடிப்பாம்லா!”

“நான் செத்தா உம்ம மவனுக்கு என்ன நஷ்டம்?”

கரையில் ஓரிடத்தில் மண் சரிந்து தொப்பென்று விழுந்தது.

செபஸ்தியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தினமும் மத்தியானம் அவள் மீன்குழம்புதான் எனக்குச் சாப்பாடு. வந்தவள் என் கையைப் பிடித்தாள்.

“இவன் என் தம்பி.”

நேற்றுவரை ‘வாத்தியாரையா’ என்றவள்!

“ஏளா, எப்பத்துலருந்து?” என்றார் முன்சீப்.

“இப்பத்துலருந்து. மூணு வருசமா எங் கையால தின்னுருக்கான். என்னத் தாலியறுக்க விட மாட்டான்.”

நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன். அண்ணாச்சி என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். “சாக்பீஸ் பிடிச்ச கை! சரி, போட்டும். ஒரு இழுப்பு வந்தா தூக்கணும் மச்சான். யோசிக்கப்பிடாது.”

முங்கினார். குமிழிகள் நின்றன. தண்ணீர் கறுப்பாக, சத்தமில்லாமல் கிடந்தது. வாத்தியார் புத்தியில் எண்ண ஆரம்பித்தேன். எழுபதுக்கு மேல் எண்ணே மறந்துபோயிற்று. அப்போது வந்தது இழுப்பு. நானும் இழுத்தேன். அசையவில்லை. திறந்த மடை அவரை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. “யக்கா!” என்று கத்தினேன். என் கைகளுக்குப் பின்னால் கயிற்றில் இன்னொரு பிடி விழுந்தது. ஈரமான, முரட்டுப் பிடி. இருவருமாக இழுத்தோம். அண்ணாச்சி மேலே வந்தார். கரைக்கு அந்தப்பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்தது.

உதவிய ஆளைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. செபஸ்தியம்மாள் பத்தடி தள்ளி முழங்காலிட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரு இழுத்தீய,” என்றார் அண்ணாச்சி இருமிக்கொண்டே. “உமக்கு வேலை சொல்லிக்குடுத்துட்டுப் போலாம்னு வந்திருக்கான்.”

அதன்பிறகு காப்பிக்கடையில் கயிற்று நுனியை என் மடியில் போட்டுவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். ஊரே சிரிக்கும். எனக்கு மானம் போகும். ஆனாலும் பிடித்துக்கொள்வேன்.

பல வருஷம் கழித்து அண்ணாச்சி போனபோது, அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் எடுத்துப் போனேன். கல்லறையில் பெட்டியை இறக்க நாலு பேர் கயிறு பிடித்தோம். பெட்டி அடியில் தட்டியதும் மூன்று பேர் விட்டுவிட்டார்கள்.

“வாத்தியாரையா, விடும்,” என்றார் ஜெபம் சொல்லி முடித்த உபதேசியார்.

ஒரு இழுப்பு வந்துவிட்டால்? நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.