ஏணி பாயின் ஹைபிரிட் கடை

சேர்வராயன் மலைமேல் என்னை வாதில் வென்றவர் ஒருவரே. அவரும் மேடையேறியவர் அல்லர், ஏணி ஏறியவர். ஏற்காடு கடைவீதியில் கணினிக் கடை நடத்தும் அவரை ஊரே ஏணி பாய் என்றழைக்கும். இயற்பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

சரக்கு முழுவதும் பரணில் கிடக்கும். முதன்முறை எதைக் கேட்டாலும் ஏணியில் ஏறி, பெட்டி பெட்டியாகத் துழாவி, தும்மியபடி இறங்குவார். மவுஸ் கேட்ட தேனிலவுத் தம்பதியர் அது இறங்கி வருவதற்குள் முதல் சண்டையையும் போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டனர். அடிக்கடி கேட்கப்படும் பொருளோ மேசைக்கே குடிவந்துவிடும். கிளியூர் டீச்சர் வாசலில் குடையை மடக்கும்போதே பிரிண்டர் மை தயாராக நிற்கும். கேட்பாரற்றது மீண்டும் பரணுக்குப் போகும்.

"ஏனுங்க பாய், எல்லாத்தையும் கீழயே வெச்சா என்னங்க?" என்றார் டீச்சர்.

"மேசை சின்னதுங்க. ஹைபிரிட் டிஸ்க்கும் இப்படித்தானுங்க. உள்ள சுத்தற தட்டு நொம்பப் பெருசு, ஆனா மெதுவு. கூடவே துளியூண்டு ஃப்ளாஷ் மெமரி, படுவேகம். தெனமும் தொறக்கறதக் கவனிச்சு அதுல ஒரு காப்பி வெச்சுக்கும், தொறக்காதத அதுல இருந்து தூக்கிரும். மொதத் தடவ மட்டும் மெதுவாத்தான் வரும்."

அம்மேசையில் நிரந்தரக் குடியுரிமை பெற்றிருந்தது என் மைக்கின் பஞ்சு உறை. கரடியூர் காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்குக்குச் சொற்பொழிவாற்றிப் பதிவு செய்வது என் பயிற்சி; உறையைப் பிடுங்கிச் செல்வது காற்றின் பயிற்சி; புதியது கேட்டு அடிக்கடி கடைக்கு வருவேன்.

கோவைக் கல்லூரிக்குப் புறப்படுமுன் மடிக்கணினிக்கு ஹைபிரிட் டிஸ்க் கேட்டேன். விற்க மறுத்துவிட்டார்.

"நீ புதுப்புது வீடியோவா எடுத்துத் தள்ளற ஆளு கண்ணு. ஒருக்காப் பாக்கறதுக்கு ஃப்ளாஷ் என்ன பண்ணும்? முழுக்க ஃப்ளாஷாவே இருக்கற எஸ்எஸ்டி வெல எறங்கிருச்சு, அதப் போடு. பழைய டிஸ்க்க வெளிய மாட்டி வீடியோவ அதுல கொட்டு. ஒரு டிஸ்க்குக்குத்தான் எடம், நெறையச் சேக்கவும் வேணும், காசும் கம்மின்னா அப்ப ஹைபிரிட்டப் பாக்கலாம்."

வாதம் பிசகற்றது. ஆகவே தலைப்பை மாற்றினேன்.

"டிஸ்க் மறக்கலாம் பாய், மனித நெஞ்சம் மறவாது."

"மனுசனும் அதே கதைதான் சாமி. வந்து கேக்காதவன் பரணுக்குப் போயிருவான். நீ கோயமுத்தூர் போயிட்டு வா, பாக்கலாம்."

மை வாங்க வந்திருந்த டீச்சர் அவர் பக்கம் கைதட்டினார்.

கோவையில் ஓராண்டு அதற்கொரு மறுமொழியைத் தீட்டினேன். அதை ஏந்தியே விடுமுறையில் கடைக்குள் நுழைந்தேன். மேசையில் எல்லாம் புதுமுகங்கள்: சார்ஜர், மெமரி கார்டு, இயர்போன். நடுவில் பஞ்சு உறை.

"இத ஆருங்க பாய் கேக்கறாங்க?"

"ஆரும் கேக்கல." ஏணியைத் துடைக்கத் தொடங்கினார். "மேல ஏத்த நேரமில்ல."

அவருடைய சட்டமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தீட்டிய மறுமொழி நாவின் நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, உறையை எடுத்து மைக்கில் மாட்டினேன்.

"கரடியூர் போறேன் பாய். காத்து பலமா இருக்கு. இன்னொண்ணு எடுத்து வைங்க."