தவணை கேட்க ஓர் ஆள்

ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணி ஆகியும் வசூல்காரரிடமிருந்து போன் வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வருஷமாக மாசம் தவறாமல் வந்த போன் அது; பின்னாலேயே தவணை வாங்க ஆளும் வீட்டுக்கு வந்துவிடுவார். போன மாதம்தான் கடைசித் தவணையைக் கட்டி முடித்து, "இனி ஜென்மத்துக்கும் கடன் வாங்க மாட்டேன்" என்று மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அந்தத் தவணைக் காசை இனிச் சேர்த்து வைத்தால், ஒரே வருஷத்தில் மனைவி ஆசைப்பட்ட ஜெராக்ஸ் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். அவளுக்குத் தெரியாமல் சேர்த்து அசத்த வேண்டும் என்று மனுஷனுக்கு ஒரே துடிப்பு. ஆனால் பாருங்கள், பத்தாம் தேதிக்குள் பணம் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு மீன் தொட்டியும், கால் அமுக்கிவிடும் மெஷினும், மூன்று டார்ச் லைட்டும் வந்திருந்தன. மீன் மட்டும் வரவில்லை. அதற்குள் காசு தீர்ந்துவிட்டது.

அடுத்த மாதமும் இதே கூத்துதான். கடைசியில் வெட்கத்தை விட்டு வசூல்காரரிடமே போய் நின்றார்.

"தம்பி, மாசா மாசம் நீ வந்து என்கிட்ட தவணை கேளு. வாங்கி என் சேமிப்புக் கணக்குல போட்டுடு."

"உங்க காசை உங்க கணக்குல போட நான் எதுக்குண்ணே?"

"யாராவது கேட்டாத்தான் எனக்குக் குடுக்க வருது. வீட்டுல மட்டும் மூச்சு விட்டுடாதே."

வசூல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திட்டணுமா, சும்மா கேட்டாப் போதுமா?"

"சும்மா கேளு, போதும்."

போதவில்லை. கடன் இருந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒளியாத மனுஷன், இப்போது வாசலில் ஆளைக் கண்டதும் நெளிந்தார். என் காசுதானே, நாளைக்குக் கொடுத்தால் குடியா முழுகிப்போகும்?

"அப்புறம் வா தம்பி."

"யாருங்க அது?" என்றாள் மனைவி உள்ளிருந்து.

"யாரோ அட்ரஸ் கேட்டாங்கம்மா."

"ஆறு வருஷமா இங்க வந்த ஆளுக்கு இன்னிக்கு அட்ரஸ் தெரியலையாமா?"

மறுநாள் பின்கதவு வழியாக நழுவினார். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் புகுந்தவர், வந்த வேலையை மறந்து அங்கேயே குறட்டை விட்டார்.

விழித்ததும் புத்தி வேலை செய்தது. 'வீட்டுக்கு வந்தால்தானே வம்பு!' உடனே வசூல்காரருக்குப் போன் போட்டார். "இனிமே வேலை செய்யுற இடத்துக்கு வா. அங்க நான் குடுத்துடுவேன், நீ கண்டிப்பா கேளு."

வந்தார். எட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் வசூல்காரரின் சட்டையைப் பார்த்ததும் மெக்கானிக் ஓட்டம் எடுத்தார். விறுவிறுவென்று லிஃப்ட்டின் கூரைமேல் ஏறிக் குந்தினார். லிஃப்ட் அவரையும் சுமந்துகொண்டு மேலே கிளம்பியது. பதற்றத்தில் நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் அது தொங்கி நின்றது. உள்ளே இரண்டே பேர். ஒருவர் வசூல்காரர், இன்னொருவர் கட்டட மேனேஜர்.

"அண்ணே, சந்து வழியா உங்க செருப்பு தெரியுது!" வசூல்காரர் தொண்டை கிழியக் கத்தினார். "மரியாதையா தவணையைக் கட்டுங்க! லிஃப்ட்டையும் விடுங்க!"

எட்டு மாடிக்கும் கேட்டது. ஆளாளுக்கு வேலையைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள்.

"ஏம்ப்பா, இவ்வளவு கடனா உனக்கு?" என்றார் மேனேஜர்.

"சார், அது கடன் இல்ல சார். சேமிப்பு!"

"சேமிக்கச் சொல்லி எவனாவது துரத்துவானா? யார் காதுல பூ சுத்துறே? இரு, உன் வீட்டுக்குப் போன் போடுறேன்."

சாயங்காலம் மெக்கானிக் வீட்டுப் படி ஏறினார். கடன் வாங்கிச் சத்தியத்தை மீறிவிட்டேன் என்று நினைத்திருப்பாளே! உள்ளே வசூல்காரர் நாற்காலியில் சாவகாசமாக பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உங்க பாக்கியை மொத்தமா கட்டிட்டேன். வருஷம் பூராவுக்கும்."

"ஐயையோ! காசு ஏது?"

"கடன் வாங்கினேன். இவர் கம்பெனியிலதான். தவணையை நீங்க கட்டணும்."

"அடி பைத்தியக்காரி, அது கடனே இல்லடி! உனக்காகச் சேர்க்க நினைச்ச காசு! சேமிப்பை அடைக்கக் கடன் வாங்கின ஒரே ஆள் உலகத்துலயே நீதான்டி!" அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அவள் டீ போட உள்ளே போனாள். தோள்கள் குலுங்கின.

"பாரு தம்பி, அழுறா. நீயாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அழலண்ணே, சிரிக்கிறாங்க. அந்தக் கடன் காசை வச்சு நாளைக்கே ஜெராக்ஸ் கடைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறாங்களே!"

"கடைக்கா? அதுக்குத்தான் சேர்க்குறேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

வசூல்காரர் கடைசி பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். "மூணாவது நாளே அண்ணி என்கிட்ட எல்லாத்தையும் கறந்துட்டாங்கண்ணே! 'சேமிப்புன்னா ஒளிஞ்சுக்குவாரு, கடன்னாத்தான் ஒரு நாள்கூடத் தவற மாட்டாரு'ன்னு இந்தக் கடன் யோசனையைச் சொன்னதே அவங்கதான்."